துடைக்காத ஜன்னல்

சிறையின் குளியலறையில் மூன்று பேர் சேர்ந்து இன்னஸ் சாண்டிசனின் தாடையை உடைத்தது செவ்வாய்க்கிழமை. ஒருவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்துக் குழாயில் மோதினான். மூன்றாமவன் அவசரமே இல்லாமல் காலால் உதைத்தான். தன்னை வளர்த்த தாய்மாமனையே கொன்றவன் என்று செய்தித்தாள் எழுதியிருந்தது. சிறைக்குள் அதுவே போதும். காவலர்கள் கதவைத் திறந்தபோது, இருபத்து நான்கு வயதான அந்தப் பையன் ஈரத் தரையில் தவழ்ந்து தன் பற்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை இன்வர்னஸ் மருத்துவமனையில் அவன் தாடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆற்றங்கரையில் ஒரு ரொட்டிக் கடையின் மாடியில், எல்ஸ்பெத் கால்பிரைத் நூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தார். இருபத்தாறு வருடம் போலீசில் இருந்துவிட்டு, முழங்கால் ஒன்று கெட்ட பிறகு சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கிய பெண்மணி. கைத்தடியை நடப்பதற்கு மட்டும் பயன்படுத்துவார் என்று யாரும் நம்பவில்லை.

அவருடைய உதவியாளன் மேக்னஸ் டல்லக் முன்பு இரண்டு கோடைகாலம் சுற்றுலா வேன் ஓட்டியவன். நெஸ் ஏரியின் பூதம் ஓய்வு பெற்றுவிட்டது, இப்போது அதன் மைத்துனர்தான் தற்காலிகமாக வேலை பார்க்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவன்.

இன்னஸின் வழக்கு சுருக்கமானது. மோசமானதும் அதனால்தான். மூன்று வாரம் முன்பு, ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஸ்ட்ரூவன் லெய்ட்லாவின் பிறந்தநாளுக்கு அவர் மனைவி மூரியல் ஒருநாள் சுற்றுலாச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். பதினாறு பேர் போகும் வேன். ஏரி, மலை, தீவுக் கோட்டை, சடை மாடு, பிறகு வீடு. மாலை ஏழு மணிக்கு மாமாவை அழைத்துவர நிறுத்தத்துக்குக் காரில் போன இன்னஸ் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டான். வேன் போய்விட்டிருந்தது. மாமாவைக் காணவில்லை. அங்கேயே இரண்டு மணி நேரம் காத்திருந்ததாகச் சொன்னான். பார்த்தவர் யாருமில்லை.

இரண்டு நாள் கழித்து, அறுபது மைல் தள்ளி, அந்தத் தீவுக் கோட்டை இருக்கும் வராக் ஏரியில் தூண்டில் போட்ட ஒருவருடைய முள்ளில் ஸ்ட்ரூவனின் கோட்டு மாட்டியது. தலையின் பின்புறம் நொறுங்கி உள்ளே போயிருந்தது.

வேனின் ஓட்டுநரும் வழிகாட்டியுமான அல்பின் மக்ரே, கோட்டையிலிருந்து பதினாறு பேரும் திரும்பினார்கள், இன்வர்னஸில் பதினாறு பேரும் இறங்கினார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அப்படியானால் ஊர் திரும்பியவரை யாரோ காரில் மறுபடி ஏரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். காரோடு காத்திருந்தவன் இன்னஸ். போலீஸ் அதற்கு மேல் சிரமப்படவில்லை.

மூரியல் மட்டும் நம்பவில்லை. அவர்தான் கால்பிரைத்தைத் தேடி வந்தார். அன்றைய பயணிகள் ஏழு நாடுகளுக்குச் சிதறிவிட்டார்கள். கால்பிரைத் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போட்டது ஒரே ஒருவர். நெதர்லாந்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கால்பிரைத்தும் டல்லக்கும் அதே வேனில் ஏறினார்கள். ஸ்ட்ரூவன் உட்கார்ந்த ஏழாம் எண் இருக்கையை அவர் கேட்டு வாங்கியிருந்தார். இடப்பக்கம், ஜன்னலோரம், பக்கத்தில் ஆள் இல்லாத ஒற்றை இருக்கை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மக்ரேவுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டம்போட்ட கில்ட் பாவாடை, காதோடு ஒட்டிய மைக், எல்லோரையும் பழகியவன்போல் பார்க்கும் சிரிப்பு. நெஸ் ஏரி முடிவதற்குள் அவன் சொன்ன பதினொரு நகைச்சுவைகளில் ஒன்பது தன்னுடையவை என்று டல்லக் பின்னிருக்கையிலிருந்து முணுமுணுத்தான். மீதி இரண்டும் அவன் தாத்தா காலத்தவையாம்.

முதல் நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பி ஏறியபின் மக்ரே கதவருகில் நின்று விரலை நீட்டித் தலைகளை எண்ணினான்.

"நிஜமாவே எண்ணுறானா?" என்று கால்பிரைத் கேட்டார்.

"மூணு வரைக்கும் எண்ணுவோம் மேடம். அப்புறம் காலி சீட்டு இருக்கான்னு பார்ப்போம். இல்லைன்னா பதினாறுன்னு எழுதிக்குவோம். கணக்கு டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான் டல்லக்.

வேன் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது. நனைந்த கோட்டுகளோடு பதினாறு பேர் மூச்சுவிட்டதில் ஜன்னல்கள் பால்போல மூடிக்கொண்டன. வெளியே ஒரு மான் கூட்டம் என்று மக்ரே சொன்னதும் வேன் முழுவதும் கைகள் எழுந்தன. சட்டைக் கையால், கைக்குட்டையால், உள்ளங்கையால், எல்லோரும் தங்கள் ஜன்னலில் ஒரு வட்டம் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். கால்பிரைத்தும் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

பையிலிருந்து படங்களை எடுத்து வேகமாகப் புரட்டி, எண்பத்தெட்டாவதைப் பின்னால் நீட்டினார். செம்பட்டை முடி கண்ணை மறைக்கும் ஒரு மாடு வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கு. என் மாமியார் பக்கத்துச் சாயல்" என்றான் டல்லக்.

"மாட்டை விடு. பின்னாடி வேன் நிக்குது பாரு. கோட்டைக்கு அப்புறம், கடைசி நிறுத்தம். அன்னைக்கும் மழை. இடப்பக்க ஜன்னல் எல்லாத்தையும் எண்ணு."

டல்லக் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். ஆவி படிந்த கண்ணாடிகளில் வரிசையாகத் துடைத்த வட்டங்கள். ஏழாம் இருக்கையின் ஜன்னலில் மட்டும் ஒன்றுமில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை வெள்ளை.

ஒருவேளை அவர் தூங்கியிருக்கலாமே என்றான் டல்லக். கால்பிரைத் நாற்பத்தோராவது படத்தைக் கொடுத்தார். அதே வேன், கோட்டைக்கு முந்தைய நிறுத்தம். அதில் எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம் ஏழாவது ஜன்னலில்தான் இருந்தது. அதற்குப் பின்னால், மூக்கு கண்ணாடியில் ஒட்ட, பிறந்தநாள் கொண்டாடும் ஒரு கிழவரின் சிரித்த முகம்.

"இந்த மனுஷன் மலையில கண்ணை மூடுவாரா? கோட்டையிலேர்ந்து மாடு நிக்கிற இடம் நாற்பது மைல். நாற்பது மைலும் ஒருத்தர் வெளியவே பாக்கல. ஏன்னா அந்த இருக்கையில ஆளே இல்ல."

"அப்போ நம்ம பாவாடைக்காரன் சொன்ன பதினாறு..."

"பதினஞ்சு" என்றார் கால்பிரைத்.

ஐந்து சகோதரிகள் என்று பெயர்பெற்ற மலைச்சிகரங்கள் தெரியும் இடத்தில் வேன் நின்றது. மழை விட்டிருந்தது. பயணிகள் சரிவின் விளிம்புக்குப் போய்ப் படமெடுக்கத் தொடங்கினார்கள். மக்ரே வேனின் பின்கதவைத் திறந்து குடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். டல்லக் அவன் தோளைத் தட்டி, மாட்டுப் படத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஏழாவது ஜன்னலைக் கூப்பிட்டும் அது வாய் திறக்கவில்லை, நீயாவது திற என்றான்.

மக்ரே படத்தைப் பார்த்தான். பிறகு, மேடை ஏறுவதற்கு முன் தலை வணங்குபவன்போல் குனிந்து, நெற்றியால் டல்லக்கின் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்கிய சத்தம் கால்பிரைத்துக்குக் கேட்டது. டல்லக் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தான். விரல்களுக்கு இடையில் ரத்தம் கொட்டியது. மக்ரேவின் கை சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பானர்மீது விழுந்தது. அதை அவன் தூக்கியதும் கால்பிரைத்தின் கைத்தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. அடுத்த அடி முழங்காலுக்குப் பின்னால். அவன் சரளைக்கல்லில் மண்டியிட்டான். தடியின் முனை அவன் தொண்டைக் குழியில் பதிந்தது.

"இன்னஸ் சாண்டிசனுக்கு நேத்து வாயைக் கம்பி வச்சுக் கட்டினாங்க. கஞ்சியைக் குழாய்ல குடிக்கிறான். நீ எழுதிக் கொடுத்த ஒரு எண்ணால. இப்போ சொல்லு, எத்தனை பேர்?"

மக்ரே பதில் சொல்வதற்கு முன் வாந்தி எடுத்தான். பிறகு அழுதுகொண்டே சொன்னான். அன்று கோட்டையிலிருந்து படகு திரும்பியதும் வேனில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. அவன் படகோட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டான். தீவில் யாருமில்லை, எல்லோரையும் கொண்டுவந்துவிட்டேன், அந்தப் பெரியவர் யாரோ தெரிந்தவர் காரில் ஏறிப்போனதைப் பார்த்தேன் என்று படகோட்டி சொன்னான். மழை கொட்டியது, நேரம் போய்க்கொண்டிருந்தது. மக்ரே கிளம்பிவிட்டான்.

"போலீஸ் வந்தப்போ இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"போன வருஷம் ஒரு புதுப்பொண்ணைக் கோட்டையிலயே விட்டுட்டு வந்துட்டேன். மாப்பிள்ளை மட்டும் வேன்ல. இன்னொரு தடவை ஆச்சுன்னா சீட்டு கிழிச்சுடுவோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. எனக்கு ரெண்டு குழந்தைங்க மேடம். முதல்ல பதினாறுன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் பிணம் கிடைச்சது. அதுக்கப்புறம் மாத்திச் சொன்னா என்னையே கொலைகாரன்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்."

கால்பிரைத் தடியை எடுக்கவில்லை. இரண்டு வாரமாக ஒரு பொய்யைத் துரத்தியவருக்கு அது கைக்கு வந்ததும் கோழையின் பொய்யாகப் போய்விட்டது. கோழை யாரையும் கொல்லவில்லை. ஆனால் காரில் ஏறிப்போனவர் அதே ஏரியில் எப்படிக் கிடந்தார்? படகோட்டி எதற்குப் பொய் சொன்னான்? காரில் ஏறிப்போனார் என்று ஏன் இட்டுக்கட்டினான்?

டல்லக் மூக்கில் இரண்டு காகிதத் திரிகளைச் செருகிக்கொண்டு எழுந்து நின்றான். மக்ரேவை இப்போதே போலீசில் கொடுத்துவிடலாம் என்றான். கால்பிரைத் தலையசைத்து மறுத்தார். வேன் போகட்டும், வழக்கம்போலக் கோட்டைக்குப் போகட்டும், படகோட்டி நம்மைச் சாதாரணப் பயணிகளாகவே பார்க்கட்டும் என்றார். மக்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். பின்னால் ஒரு பயணி வழுக்கி விழுந்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்று மைக்கில் சொன்னான். ஒரு ஜெர்மன் பாட்டி டல்லக்குக்கு மிட்டாய் கொடுத்தார்.

மலையை இறங்கும்வரை கால்பிரைத் வெளியே பார்க்கவில்லை. ஐம்பத்து மூன்றாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவுக்குப் போகும் படகில் எடுத்தது. பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிக் கோட்டையைப் பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறார். ஸ்ட்ரூவன் படகோட்டியைப் பார்க்கிறார். காலையில் சிரித்த முகம் அல்ல அது. படகோட்டியின் கம்பளித் தொப்பி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவன் வலது கையால் பக்கத்தலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தொப்பி பறந்தால் யாரும் தொப்பியைப் பிடிக்கத்தான் கை நீட்டுவார்கள்.

வராக் ஏரிக்கரையில் படகுத்துறைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. கைபேசிக்குச் சிக்னல் இல்லாததால் கடைக்காரியின் போனை வாங்கிக் கால்பிரைத் மூரியலை அழைத்தார். உங்கள் கணவர் ஒரு இடத்தில் தங்கிவிட வேண்டும் என்று தானாக முடிவு செய்து வண்டியை விடுகிற ஆளா என்று கேட்டார். நாற்பது வருடம் கப்பலில் இருந்தவர், ஒரு நிமிடம் தாமதமானாலும் தவிப்பார் என்றார் மூரியல்.

"யாருக்காக விட்டிருப்பார்?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு ஆளுக்காக விட்டிருப்பார். ஆனா அவன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா."

பிறகு அவர் சொன்னதைக் கால்பிரைத் நின்றபடியே கேட்டார். ஸ்ட்ரூவனின் தங்கை ரோனா. வடகோடியில் விக் என்ற ஊரில், தன் சமையலறையில், கணவன் கீத் சாண்டிசன் சுத்தியலால் அடித்துக் கொன்ற பெண். உடலை முதலில் பார்த்தது ஸ்ட்ரூவன்தான். கீத்தின் படகு மறுநாள் கடலில் கவிழ்ந்து மிதந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை, தேடவும் யாருக்கும் மனமில்லை. அப்போது ஐந்து வயதான இன்னஸை மாமாவும் அத்தையும் எடுத்து வளர்த்தார்கள்.

"ரோனா சும்மா சாகலம்மா. கடைசிவரைக்கும் சண்டை போட்டிருக்கா. அவ பல்லுக்கு நடுவுல அவன் காது பாதி இருந்துச்சு."

கால்பிரைத் போனை வைத்தார். கடைக்காரியிடம் இன்வர்னஸ் காவல் ஆய்வாளர் ஹால்டேனின் எண்ணைக் கொடுத்து, உடனே வரச் சொல்லுங்கள், நான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள் என்றார். ஹால்டேன் அவரிடம் தொழில் கற்றவர். ஆனாலும் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். படகு கிளம்பிக்கொண்டிருந்தது. அடுத்த படகு வரை காத்திருந்தால், ரத்தம் தோய்ந்த மூக்கோடு ஒருவனும் நடுங்கும் வழிகாட்டியும் படகோட்டியின் கண்ணில் பட்டபிறகு அவன் அங்கேயே இருப்பான் என்று நம்ப முடியாது. இரண்டு பேரும் ஏறினார்கள்.

படகோட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அகலமான தோள், நரைத்த தாடி. வெயில் வந்துவிட்டிருந்தும் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டிருந்தான். டோனல் என்று கூப்பிட்டார்கள். மூன்று கோடைகாலமாக இங்கே இருக்கிறானாம். வேலைக்கு எடுத்தவருக்கு அவன் எங்கிருந்து வந்தான் என்று தெரியாது. அவன் பயணிகளோடு பேசவில்லை. டல்லக்கின் மூக்கை ஒருமுறை பார்த்தான், மக்ரேவை இரண்டு முறை பார்த்தான்.

தீவு சின்னது. கூரையில்லாத கோட்டை, பாதி இடிந்த கோபுரம், கல் பாவிய துறை. கால்பிரைத் மக்ரேவிடம் மெதுவாக, எல்லோரையும் கோபுரத்துக்குள் கூட்டிப்போய் முடிந்த அளவுக்குக் கதை சொல் என்றார். அந்த வரிசை படியேறி மறைந்தது. டல்லக் துறையின் முனையில் உட்கார்ந்து ஷூவைக் கட்டுவதுபோல் பாவனை செய்தான். படகோட்டி குனிந்து எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

கால்பிரைத் அவனுக்கு முதுகைக் காட்டியபடி, சாதாரணக் குரலில் சொன்னார்.

"கீத், இந்தக் கயிறு அவிழுது பாரு."

"எந்தக் கயி..."

அவன் நிமிர்ந்து பாதி திரும்பியிருந்தான். அதே நிலையில் நின்றான். துறையில் கட்டியிருந்த கயிறு இறுக்கமாகவே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் குனிந்து துடுப்பை எடுத்ததும் வீசியதும் ஒரே அசைவாக இருந்தது. கால்பிரைத் தலையைத் தாழ்த்தினார். துடுப்பின் விளிம்பு தோளில் இறங்கியது. தோளெலும்பு முறிந்து அவர் கல்லில் விழுந்தார். கைத்தடி தண்ணீரில் உருண்டது. அவன் துறைமேல் தாவி ஏறி, விறகு பிளப்பவனைப்போல் துடுப்பை இரண்டு கையாலும் உயர்த்தினான். பக்கவாட்டிலிருந்து டல்லக் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இருவரும் ஏரியில் விழுந்தார்கள்.

இடுப்பளவு தண்ணீர். ஆனால் பனி உருகி வந்த குளிர். டல்லக்குக்கு விழுந்ததுமே மூச்சடைத்தது. கீத் அவன் பின்கழுத்தைப் பிடித்துத் தலையை நீருக்குள் அமுக்கி, மேலே முழங்காலை வைத்து அழுத்தினான். ஏரி சிவப்பாகக் கலங்கியது. டல்லக்கின் கைகள் தண்ணீரை அடித்தன, பிறகு அடிப்பது குறைந்தது. கால்பிரைத் ஒற்றைக் கையால் கல்லில் ஊர்ந்து வந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அது அவன் முதுகில் பட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. மக்ரே ஓடி வந்தான். மலையில் தன் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட அதே ஸ்பானர் அவன் கையில் இருந்தது. பயத்தில் அதைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தான். துறையின் முனையிலிருந்து பாவாடையோடு குதித்து, இறங்கிய வேகத்திலேயே கீத்தின் முழங்கையில் அடித்தான். அந்தக் கை தொங்கிப்போனது. இரண்டாவது அடி முழங்காலில். கீத் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். தொப்பி மிதந்து போனது. வலது காதின் மேல்பாதி இருக்க வேண்டிய இடத்தில் பழைய தழும்பு வெளுத்துக் கிடந்தது. மக்ரே மூன்றாவது முறை தலைக்கு ஓங்கினான். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்தால் நிறுத்தும் உத்தேசம் தெரியவில்லை.

"போதும், மக்ரே. இவன் உயிரோட வேணும். பேச வேண்டியிருக்கு" என்றார் கால்பிரைத்.

டல்லக்கைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அவன் ஏரியின் ஒரு பகுதியைக் கல்லில் கக்கினான். நல்ல தண்ணீர், ஆனால் உப்புக் குறைவு என்று பல் கிடுகிடுக்கச் சொன்னான். பிறகு திரும்பிப் படுத்து இன்னும் கொஞ்சம் கக்கினான்.

படகுக் கயிற்றால் கீத்தின் நல்ல கையையும் காலையும் கட்டினார்கள். கோபுரத்தின் ஓட்டைகளிலிருந்து பயணிகளின் முகங்கள் எட்டிப் பார்த்தன. ஹால்டேன் வரும்வரை நாற்பது நிமிடம் இருந்தது. கால்பிரைத் ஒடிந்த தோளைப் பிடித்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார். அவன் மறைக்க முயற்சி செய்யவில்லை. ஸ்ட்ரூவன் கடைசிப் படகில் ஏறாமல் துறையில் நின்றதை அவன் சொன்னான். மற்றவர்களை அக்கரையில் இறக்கி, மக்ரேவை அனுப்பிவிட்டு, மழையில் திரும்பி வந்தான். கிழவர் அதே இடத்தில் நின்றிருந்தார். ஓடவோ ஒளியவோ இல்லை.

"அடிக்க வந்தாரா?" என்று கேட்டார் கால்பிரைத்.

"இல்ல. அடிக்க வந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். கெஞ்சினார். பையன் முன்னாடி வந்து ஒரு தடவை உட்காரு, எங்கம்மாவை ஏன் கொன்னேன்னு அவன் பத்தொன்பது வருஷமா கேக்காம கேக்குறான், அவன்கிட்ட சொல்லு, அப்புறம் நீ எங்க வேணா போ, நான் போலீஸ்கிட்ட போகமாட்டேன்னார். சொல்லிட்டுப் படகுல ஏறத் திரும்பினார். நான் வருவேன்னே நினைச்சார்."

"உன் மகன் உள்ள இருக்கான்னு தெரியுமா?"

"பேப்பர்ல பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவன் ஏரியைப் பார்த்தான். "பேப்பரை மடிச்சு வச்சேன்" என்றான்.

மக்ரே எழுந்து கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டான். திரும்பி வந்தபோது, பதினைந்து பேர் என்று தானே ஹால்டேனிடம் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான். வேலை போகுமே என்றான் டல்லக். போகட்டும் என்றான் அவன். பொய்ச் சாட்சிக்கு வழக்கு வரும் என்று கால்பிரைத் சொன்னார். அதற்கும் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை, தோளில் கட்டோடு, கால்பிரைத் மருத்துவமனையில் இன்னஸின் படுக்கைக்கு அருகில் இருந்தார். மூரியல் மறுபக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற காவலரை ஹால்டேன் விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டிருந்தார். கால்பிரைத் எதையும் மென்மையாக்காமல் வரிசையாகச் சொன்னார். மாமாவைக் கொன்றது யார் என்று சொன்னபோது இன்னஸ் கண்ணை மூடினான். மாமா துறையில் நின்று கேட்டது என்ன என்று சொன்னபோது திறந்தான். அவனால் பேச முடியாது. அத்தை கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். "எங்கே இருக்கிறார்?"

கீழ்த்தளத்தில் என்றார் கால்பிரைத். முழங்காலில் அறுவை முடிந்து, கட்டிலோடு விலங்கு மாட்டி வைத்திருந்தார்கள். மதியம் வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

இன்னஸ் போர்வையை விலக்கினான். மூரியல் வேண்டாம் என்று சொல்லப்போய், சொல்லாமல், அவனுக்குச் செருப்பை எடுத்துப் போட்டார். ஹால்டேன் முதலில் முடியாது என்றார். விதி தெரிந்தவர் அவர். கால்பிரைத் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஹால்டேன் ஐந்து நிமிடம் என்றார். தானும் உள்ளே இருப்பேன் என்றார்.

கீழே அறைக்கதவு திறந்ததும் கட்டிலில் கிடந்தவன் தலையைத் திருப்பினான். வீங்கி நீலம் பாய்ந்த முகமும் பற்களுக்கு நடுவே கம்பியுமாக நின்ற பையனை அவன் முதலில் யாரென்று அறியவில்லை. அறிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இன்னஸ் உள்ளே போனான். நாற்காலியை இழுத்துக் கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில் போட்டு, அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். நோட்டில் ஏதோ எழுதி, அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். வாசலில் நின்ற கால்பிரைத்துக்கும் டல்லக்குக்கும் அது தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து.

"மாமா கேட்டதற்குப் பதில் வேண்டும்."

ஐந்து நிமிடம் கடந்தது. ஹால்டேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை இறக்கிக்கொண்டார். இன்னஸ் நோட்டை அப்படியே பிடித்திருந்தான். ஒரு கை களைத்ததும் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டான்.

"உங்கம்மா அன்னைக்குக் காலையில" என்று கீத் சாண்டிசன் தொடங்கினான், "உனக்குச் சட்டை தச்சுக்கிட்டு இருந்தா."